டிரம் செட் இல்லாத பேண்டு

எங்கள் பேண்டில் டிரம் செட் கிடையாது. போகிற இடத்தில் எல்லாம் யாராவது ஒருவர் கேட்பார், "டிரம்ஸ் இன்னும் வரலியா?" என்று. வராது. ஒரு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு கீபோர்டு, கையால் தட்டி வாசிக்கும் ஒரு கஹோன் பெட்டி, இடம் திறந்தவெளியாக இருந்தால் பறை, பாடுவதற்கு நான். மொத்தம் ஐந்து பேர். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஓடும் பஸ்ஸில் இவ்வளவையும் ஏற்றிவிடலாம் என்பது ஒரு வசதிதான். ஆனால் டிரம்ஸை விட்டது அதற்காக இல்லை. நாங்கள் தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவர்கள். எங்களைத் தெரியாத ஒருவர் அந்தப் பாட்டை முதல் தடவையாகக் கேட்கிறார். சொல் அவர் காதில் விழாவிட்டால் அவருக்குக் கொடுக்க எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

சினிமாப் பாட்டு பாடும் குழுவுக்கு இந்தக் கவலை குறைவு. பல்லவியில் பாதிச் சொல் காற்றில் போனாலும் கேட்பவர் மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும். அந்தப் பாட்டை அவர் பஸ்ஸிலும் டீக்கடையிலும் எத்தனையோ தடவை கேட்டிருப்பார். புதுப் பாட்டுக்கு அந்தத் துணை இல்லை. முதல் வரியில் இரண்டு சொல் தவறினால், மூன்றாவது வரியில் அவர் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் எங்களோடு ஒரு நண்பன் டிரம்ஸ் வாசித்தான். நல்ல கை. வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டான். அவனுடைய இடத்துக்கு இன்னொருவர் அமையாத நாட்களில், கிட்டாரும் கீபோர்டும் மட்டும் வைத்துக்கொண்டு புதுச்சேரியில் சில கஃபேக்களில் பாடினோம். அப்போதுதான் முதன்முறையாகப் பாட்டு முடிந்த பிறகு ஆட்கள் வந்து வரியைப் பற்றிப் பேசினார்கள். "அந்த மழைப் பாட்டுல ரெண்டாவது சரணம் நீங்களே எழுதினதா?" என்று ஒரு பெண் கேட்டார். அதுவரைக்கும் "சூப்பர், செம எனர்ஜி" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பாராட்டு. இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு அன்றைக்கே புரிந்தது. அதற்கப்புறம் டிரம்ஸ் வாசிக்க ஆள் தேடுவதை விட்டுவிட்டோம்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உயரமான கூரை, சுண்ணாம்பு பூசி வழவழவென்று தேய்த்த சுவர், வெறுந்தரை, வளைவு வைத்த வாசல்கள். பார்க்க அவ்வளவு அழகு. அதற்குள் பாடுவது கஷ்டம். துணியோ மெத்தையோ நிறைந்த அறை என்றால் சத்தத்தைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். இந்தச் சுவர்கள் எதையும் வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும். நான் ஒரு சொல்லைப் பாடி முடிப்பதற்குள் முந்தைய சொல் சுவரில் பட்டு வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். பக்கத்தில் நின்று அளந்தால் டிரம் செட்டின் சத்தம் 100 டெசிபெலைச் சுலபமாகத் தாண்டும். ஒருவர் ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபெல் அளவு. அந்த அறையில் டிரம்ஸ் இருந்தால் பாடுகிறவர் கத்த வேண்டும். கத்தினால் உயிரெழுத்து மட்டும்தான் நீளும், மெய்யெழுத்து தேய்ந்துவிடும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. க, ச, ட, த, ப போன்ற ஒலிகள் கண நேரத்தில் தோன்றி மறைபவை. இன்ன சொல் என்று காது அடையாளம் காண்பது பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான். அவற்றின் தெளிவுக்கு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான பகுதி ரொம்ப முக்கியம். டிரம் செட்டில் இருக்கும் சிம்பல் தட்டின் சலசலப்பு, கிட்டார் மீட்டும் பிளெக்ட்ரம் வில்லை கம்பியை உரசும் ஒலி, கீபோர்டின் பளிச்சென்ற டோன்கள், எல்லாமே வந்து உட்காருவதும் அங்கேதான். அதனால் நான் பாடும்போது கீபோர்டு அண்ணன் வலது கையைக் கீழ் ஸ்வரங்களுக்கு இறக்கிவிடுவார். வரி முடிந்து நான் மூச்சு வாங்கும் இடத்தில்தான் அவருடைய அலங்காரம் வரும். கிட்டார் வாசிப்பவன் பிளெக்ட்ரத்தைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு விரல் நுனியால் வாசிப்பான். பேஸ் வாசிப்பவருக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவருடைய இடம் கீழ்ச் சுருதியில் தனியாக இருக்கிறது. சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து அசந்துபோய் வருகிற மனுஷனுக்கு அந்த நிம்மதியாவது இருக்கட்டும்.

ஸ்கேலையும் இறக்கினோம். நான் பாட்டு கற்றுக்கொண்டது ஐந்தரைக் கட்டையில். கிட்டாரில் முதல் ஃபிரெட்டில் கேப்போ என்ற கிளிப்பை மாட்டி ஜி மேஜர் பிடித்தால் அது வந்துவிடும் என்பதால் கிட்டார் வாசிப்பவனுக்கும் தோது. ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகப் போக வாய் திறந்தே இருக்க வேண்டியிருக்கும். 'இ'யும் 'எ'யும் ஒன்றுபோலக் கேட்கும். பெண் குரலில் இது இன்னும் அதிகம். எங்கள் சொந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் இப்போது நான்கு கட்டையில் இருக்கின்றன. மேலே போய் நின்று கைத்தட்டு வாங்கும் இடங்கள் குறைந்துவிட்டன. அதற்குப் பதிலாகக் கிடைத்தது பெரிதென்று நினைக்கிறேன்.

ஒத்திகை திருப்பாதிரிப்புலியூரில், கிட்டார் வாசிப்பவன் வீட்டு மொட்டை மாடியில். சுற்றிலும் வீடுகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. விதி தெரியாவிட்டாலும் மாடியில் யாருக்கும் சத்தமாக வாசிக்க மனசு வராது. மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. எதிர்வீட்டில் பிளஸ் டூ பையன், பக்கத்துத் தெருவில் பத்தாவது பெண். ஆம்ப் போடாமல், மைக் இல்லாமல், பேஸைக் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு, கஹோனை விரல் நுனியால் தட்டி ஒத்திகை பார்ப்போம். சத்தம் குறைத்து வாசிக்கும்போது தாளம் தானாக இழுத்துக்கொண்டு போகும். சத்தமில்லாமலும் இறுக்கமாகவும் வாசிப்பதற்கு ரொம்ப நாள் பழக வேண்டும். பெரிய மேடைக்காரர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை. மாடியில் வளர்ந்த எங்களுக்கு அது கிடைத்தது.

மாடிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வற்றல் காயவைக்க அவர்கள் மாடிக்கு வருவார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். நான் ஒரு புதுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். தானே புயலில் போன முந்திரித் தோப்பைப் பற்றியது. 2011 டிசம்பர் 30 காலையில் அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. நான் அப்போது சின்னப் பெண். என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் தோப்பில், மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்ததைப் பார்த்தேன். பாட்டில் அதைத்தான் எழுதியிருந்தேன். பெரியம்மா இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்றார்.

"பூ வச்ச நேரம்மா அது. மரம் சாஞ்ச பொறவும் ரெண்டு நாளு பூ வாடாம இருந்துச்சி. அத எழுதலியே நீ?"

அன்றைக்கே எழுதினேன்.

பூ வைக்கும் மாசத்திலே
புரட்டிப் போட்ட காத்தே
வேர் விட்டுப் போன பின்னும்
வாடலியே பூவு

அந்தப் பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த நான்கு வரி இவை. பெரியம்மாவுக்குச் சொல் கேட்டிருக்காவிட்டால் இது வந்திருக்காது. ஆம்ப் போட்டு வாசித்திருந்தால் அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருப்பார்.

மேடையில் எங்களுக்கும் மைக்செட் அண்ணன்களுக்கும் நடக்கும் பேச்சு எப்போதும் எக்கோவில்தான் வந்து நிற்கும். கடலூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் இருபது முப்பது வருஷமாக மைக்செட் வைத்திருப்பவர்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பது இருட்டிலும் தெரியும். ஆனால் பாடகர் வந்து நின்றதும் எக்கோவைக் கூட்டிவிடுவார்கள்.

"அண்ணா, எக்கோவக் கொஞ்சம் கொறைங்கண்ணா."

"எக்கோ இல்லன்னா பாட்டு மாதிரியே இருக்காதும்மா."

"வரி கேக்கணும்ணா. புதுப் பாட்டு. யாருக்கும் தெரியாது."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் அநேகமாக எல்லோரும் குறைத்துவிடுகிறார்கள். ஒருவர் அதற்கு மேலும் ஒரு விஷயம் சொன்னார். பழைய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு கேட்க நன்றாக இருக்காது, ஆனால் சொல் மட்டும் வயல் தாண்டிப் போகும் என்று. சரியாகச் சொன்னார். அந்தக் குழாய்க்குக் கீழ்ச் சுருதியும் வராது, உச்சியும் வராது. நடுவில் மனிதக் குரல் இருக்கும் பகுதியை மட்டும் தூக்கி ஊருக்கே அனுப்பும். இப்போது எல்லா ஊரிலும் ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. நெஞ்சு அதிர்கிறது. என்ன பாடுகிறார்கள் என்று தெரிவதில்லை.

மைக் எண்ணிக்கையிலும் கறாராக இருக்கிறோம். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், மைக் கத்தத் தொடங்கும் எல்லை 3 டெசிபெல் முன்னாலேயே வந்துவிடும். இரண்டு நான்கானால் 3, நான்கு எட்டானால் இன்னொரு 3. சின்ன இடத்தில் இந்த இழப்பு பெரியது. அதனால் கோரஸுக்குத் தனி மைக் கேட்பதில்லை. மூன்று பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுகிறோம். ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு பாடும்போது மூன்று பேருக்கும் 'க்'கும் 'ட்'டும் ஒரே இடத்தில் விழும். அப்புறம், சத்தம் போதவில்லை என்றால் ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்னால் வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவேன். தூரம் பாதியானால் 6 டெசிபெல் சும்மா கிடைக்கும்.

பக்கத்தில் போவதற்கு முன்னால் எர்த் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் ஆம்பைச் செருகி, கம்பியில் கை வைத்தபடி உதட்டை மைக்கில் வைத்தால் ஷாக் அடிக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் கிட்டார் தம்பிக்கு அடித்தது. உதடு வீங்கிப்போனான். அன்றிலிருந்து டெஸ்டர் இல்லாமல் நாங்கள் எங்கேயும் போவதில்லை. சின்ன இடங்களில் வாசிக்கும் எந்தப் பேண்டும் போகக் கூடாது. இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் தயவுசெய்து ஒன்று வாங்கி கிட்டார் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

பறையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எங்கள் தாளக்காரத் தம்பி பறையிலிருந்து கஹோனுக்கு வந்தவன். ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி, இன்னொரு கையில் குட்டையான தடித்த குச்சி. அவன் அடிக்கும்போது ஊர் திரும்பிப் பார்க்கும். உள்ளறையில் பறை நான்கு சுவருக்கும் தாங்காது, அதனால் அங்கே கஹோன். வெளியே கடற்காற்றில் தோல் நெகிழ்ந்துபோகும். நெருப்பில் காட்டி இறுக்கிக்கொள்ள வேண்டும். நெருப்பு மூட்ட விடாத இடங்களுக்கு ஃபைபர் பறையை எடுத்து வருவான். ஒலி கொஞ்சம் வறட்டென்று இருக்கும், ஆனால் இரவு முழுக்க ஒரே மாதிரி நிற்கும். திறந்தவெளியில் எனக்கு மிகப் பிடித்த தாளக்கருவி அதுதான். அடி விழுந்ததும் ஒலி சட்டென்று அறுந்துவிடுகிறது. சிம்பல் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்பதில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே ஒரு வெட்டவெளி கிடைக்கும். அந்த வெட்டவெளியில் சொல்லை வைத்துப் பாடலாம்.

ஒரு வரவேற்பு நிகழ்ச்சிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, முதல் நாள் போன் செய்து, "எல்லாம் வாசிங்க, அந்தப் பறை மட்டும் வேணாம், நல்ல காரியம் பாருங்க" என்றார்கள். தம்பி போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "பரவால்லக்கா, நான் கஹோன் வாசிக்கிறேன், காசு வர்ற எடம்" என்றான். கீபோர்டு அண்ணன்தான் போனை வாங்கி, அட்வான்ஸைத் திருப்பி அனுப்புகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார். அந்த மாதத்தில் எங்களுக்கு வந்த பெரிய தொகை அது. அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. ஒருவன் கையில் இருப்பதைப் பார்த்து, அவனை எந்தக் காரியத்துக்குச் சேர்க்கலாம், எதற்குச் சேர்க்கக் கூடாது என்று பிரிக்கும் வழக்கத்துக்கு எங்கள் பாட்டு துணை போகாது. கஹோனுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்று தம்பி சொல்வான். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் சரக்குப் பெட்டியைத் தட்டித் தட்டி உண்டாக்கிய வாத்தியம் அது. 1970களில் ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் பாகோ தெ லூசியா அதைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கத்திய ஃபிளமெங்கோ இசையில் சேர்த்தார். இன்றைக்கு அந்தப் பெட்டியை எந்த கஃபேயும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

கஃபே என்றதும் பணம் ஞாபகம் வருகிறது. சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து புதுச்சேரி நிறைந்துவிடும். பாட்டு வேண்டும் என்று கூப்பிடுவார்கள். சிலர் முறையாகப் பேசி அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். சிலர் சாப்பாடு போடுகிறோம், நாலு பேர் பார்ப்பாங்க, உங்களுக்கும் நல்லது என்பார்கள். இப்போது நாங்கள் ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே போவதில்லை. எங்களைவிடச் சின்னவர்கள் மூன்று நான்கு குழுக்கள் இந்தப் பக்கம் கிளம்பியிருக்கிறார்கள். நாங்கள் சாப்பாட்டுக்குப் பாடினால் அவர்களையும் அதே விலைக்குத்தான் கூப்பிடுவார்கள்.

பணம் கேட்காமல் பாடும் நாள் ஒன்று உண்டு. ஜூன் 21. 1982இல், ஜாக் லாங் பிரான்ஸின் கலாசார அமைச்சராக இருந்தபோது தொடங்கிய தெரு இசை நாள். வாத்தியம் தெரிந்த யார் வேண்டுமானாலும் வெளியே வந்து வாசிக்கலாம், கேட்பவர் காசு கொடுக்க வேண்டாம் என்பது அதன் எண்ணம். பிரெஞ்சுத் தொடர்பால் புதுச்சேரியிலும் அதைக் கொண்டாடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து காசு வாங்காமல் வாசிப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஒரு ஆளின் கடைக்குக் கூட்டம் சேர்க்கக் காசு வாங்காமல் வாசிப்பதில் அது இல்லை.

முந்திரிப் பாட்டைப் புதுச்சேரியில் பாடும்போது நன்றாகக் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டு யாருடையதோ அவர்கள் முன்னால் பாடிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழாவில், பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் அரை மணி நேரம் கிடைத்தது. ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் டிரம்ஸும் ரிதம் பேடும் மேடையை அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி நின்றோம். அவர்களுடைய சவுண்ட் ஆளிடம் சொல்லி எக்கோவை முழுசாக எடுக்கச் சொன்னேன். தம்பி பறையை நெருப்பில் காட்டிக்கொண்டு வந்தான். பேச்சும் ராட்டினச் சத்தமுமாக இருந்த கூட்டம், இரண்டாவது சரணத்தில் முன்வரிசையிலிருந்து பின்னால் வரைக்கும் வரிசையாக அடங்குவதை மேடையிலிருந்து பார்த்தேன். 'வாடலியே பூவு' என்ற இடத்தில் ஒரு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தம்பி அங்கே அடியை நிறுத்தியே விட்டான். அது ஒத்திகையில் இல்லாதது.

இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் வழியை மறித்து நின்றார்.

"யாரு பாப்பா எழுதினது?"

"நான்தான் தாத்தா."

"நல்லா எழுதியிருக்க. ஒரு எழுத்து வுடாம கேட்டுச்சி. ஆனா பலாவ ஏன் வுட்டுட்ட? முந்திரி நட்டா நாலஞ்சு வருசத்துல காய்க்கும். பலா எங்க தாத்தன் வச்சது. அதுக்கு நான் எங்க போவேன்?"

ஆர்கெஸ்ட்ரா தொடங்கிவிட்டது. அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால், தென்னை ஓரத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து கேட்டேன். எந்த மரம் எந்த வரப்பில் நின்றது, எதன் பழம் முதலில் பழுக்கும், எந்த மரத்தடியில் அவர் அப்பாவைக் கிடத்தினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பலாவுக்கான சரணம் இப்போது பாதியில் நிற்கிறது. மெட்டு அதேதான், ஆனால் 'தாத்தன் வச்ச' என்று தொடங்கினால் பழைய தாளத்தில் உட்காரவில்லை, ஒரு அடி முந்திக்கொள்கிறது. தாளத்தையே மாற்றலாம் என்கிறான் தம்பி. வேண்டாம், சொல்லை மாற்று என்கிறார் கீபோர்டு அண்ணன். பெரியவர் சொன்ன சொல்லை மாற்ற எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடியில் இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.